காடு என்னும் செட்: எண்பதுகளின் இத்தாலிய மலிவுப் படங்களும் ஓர் இரவல் யுத்தமும்

1

'ஸ்ட்ரைக் கமாண்டோ' (1987) என்றொரு படம். வியட்நாம் காட்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்ட அமெரிக்கச் சிப்பாய் ஒருவன். அவனுக்குப் புகலிடம் தந்த கிராமம் அழிக்கப்பட்டுவிடுகிறது. செத்துக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனை அவன் மடியில் கிடத்தியிருக்கிறான். சிறுவன் கடைசியாகக் கேட்பது தண்ணீர் இல்லை. டிஸ்னிலாந்தைப் பற்றிச் சொல்லச் சொல்கிறான். சிப்பாயும் அழுதுகொண்டே சொல்கிறான்: அங்கே தின்பண்டங்கள் மலையாகக் குவிந்திருக்கும், மரத்தில் காய்த்துத் தொங்கும், என்கிற ரீதியில். பையன் செத்துப்போகிறான். சிப்பாய் வானத்தைப் பார்த்து ஓங்கிக் கத்துகிறான்.

இந்தக் காட்சியை எழுதியவர்களும் எடுத்தவர்களும் ரோமைச் சேர்ந்தவர்கள். இயக்குநர் புரூனோ மத்தேய். திரையில் போட்ட பெயர் 'வின்சென்ட் டான்'. எழுதியவர் கிளாடியோ ஃப்ரகாஸ்ஸோ. அவருக்கும் 'கிளைட் ஆண்டர்சன்' என்றொரு பெயர் உண்டு. காடு பிலிப்பைன்ஸ் காடு. வியட்நாமியச் சிறுவனாகச் சாகிறவன் பிலிப்பைன்ஸ் சிறுவன். அமெரிக்கா என்று சொல்ல அங்கே இருப்பது நாயகன் ரெப் பிரவுனும் இன்னும் ஒன்றிரண்டு நடிகர்களும், பிறகு அந்த டிஸ்னிலாந்தும்தான். அமெரிக்கர்கள் தங்களுடைய தோல்விக்காகத் தாங்களே அழுவது ஒரு விஷயம். அந்த அழுகையை ஒரு இத்தாலியக் கம்பெனி இரவல் வாங்கி, மூன்றாவது ஒரு நாட்டின் குழந்தையை அதற்குள் படுக்கவைத்து, ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வீடியோ கடைகளில் விற்பதென்பது வேறு விஷயம். இதைச் சும்மா சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

இந்தப் படங்களைப் பற்றிப் பேச இன்று இரண்டு கோஷ்டிகள் உண்டு. ஒன்று, 'குப்பை' என்று ஒதுக்கும் கோஷ்டி. மற்றது, குப்பை என்பதற்காகவே கொண்டாடும் கோஷ்டி. மேற்கில் இது ஒரு தனி ரசனையாகவே வளர்ந்துவிட்டது. பிரதிகளைத் தேடியெடுத்து, கீறல்களைத் துடைத்து, ப்ளூ-ரே தட்டுகளாக நல்ல விலைக்கு விற்கிறார்கள். இந்த இரு தரப்பாரும் படத்தைத் திரைக்குள் மட்டுமே வைத்துப் பார்க்கிறார்கள். அந்த வெடி எங்கே வெடித்தது, அந்தக் காடு யாருடையது, அந்த வருஷம் அந்த நாட்டில் உண்மையாகவே யார் யாரைச் சுட்டார்கள் என்ற கேள்விகள் அவர்களுக்கு வருவதில்லை. இது குப்பையா கலையா என்ற விவகாரத்தை விட்டுவிட்டு அந்தக் கேள்விகளோடு இந்தப் படங்களை அணுகினால், பெரிய இயக்குநர்களின் படங்கள் மறைக்கிற சிலது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது என்றே எனக்குப் படுகிறது. காசில்லாதவனால் தையலை மறைக்க முடியாது.

2

இத்தாலியச் சினிமா என்றதும் நம் சிறுபத்திரிகை மரபில் டி சிகா, ரோஸலினி, ஃபெலினி, அந்தோனியோனி, பசோலினி என்று ஒரு வரிசை வந்துவிடும். ஃபிலிம் சொசைட்டிகள் நமக்குக் கொடுத்த வரிசை அது. ஆனால் இத்தாலிய ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தது பெரும்பாலும் வேறு. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஃபிலோனே'. சுரங்கத்தில் பாறைக்குள் ஓடும் தாதுக்கொடி என்று பொருள். ஒரு கொடி கண்ணில் பட்டால் எல்லோரும் அதையே தோண்டுவார்கள். தீர்ந்ததும் அடுத்த கொடிக்குத் தாவுவார்கள்.

1958இல் ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த ஹெர்குலிஸ் படம் ஓடியது; அடுத்த ஏழெட்டு வருஷம் புஜபல பராக்கிரமப் படங்களாக வந்து குவிந்தன. 1964இல் செர்ஜியோ லியோனேயின் 'ஒரு கை நிறைய டாலர்கள்' ஓடியது. பயில்வான்களின் தோலாடையைக் கழற்றிவிட்டுத் தொப்பி மாட்டினார்கள். பிறகு துப்பறியும் கொலைப் படங்கள், போலீஸ் படங்கள், பிணங்கள் எழுந்து நடக்கும் படங்கள். ஃபெர்டினாண்டோ பால்டி என்ற ஒரே மனிதரின் பட்டியலைப் பார்த்தால் போதும். 1960இல் ஆர்சன் வெல்ஸை வைத்து தாவீது-கோலியாத் கதையின் இயக்கத்தில் பங்குபெற்றார். 1966இல் ஃபிராங்கோ நீரோவை வைத்துக் கௌபாய் படம். எண்பதுகளின் நடுவில் 'டெட் கேப்லன்' என்ற பெயரில் வியட்நாம் யுத்தத்துக்குள் ஒரு பஸ்ஸை ஓட்டினார் ('வார்பஸ்'). 1988இல் அவர் போய் இறங்கிய இடம் நம்ப முடியாதது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெயர் மாற்றம் ஒரு தனிக் கதை. இத்தாலியப் படம் என்றால் இத்தாலியனே டிக்கெட் வாங்கமாட்டான் என்ற பயத்தில் தொடங்கிய பழக்கம். லியோனே தன் அப்பாவின் மேடைப் பெயரான ரொபெர்த்தோ ரொபெர்த்தியை நினைவில் வைத்து 'பாப் ராபர்ட்சன்' ஆனார்: ராபர்ட்டின் மகன். அந்தோனியோ மார்கரித்திக்கு முதலில் 'ஆண்டனி டெய்ஸீஸ்' என்று போட்டார்கள்; மார்கரித்தா என்றால் டெய்ஸிப் பூ. அது ஆண்பிள்ளைத்தனமாக இல்லையென்று 'ஆண்டனி எம். டாஸன்' ஆக்கிக்கொண்டார். இந்தப் பெயர்களில் ஒரு மொத்தத் தொழிலின் சுயமறுப்பு இருக்கிறது. வசனமும் அப்படித்தான். படப்பிடிப்பில் ஆளுக்கொரு மொழியில் வாயசைப்பார்கள். பிறகு ரோமில் உட்கார்ந்து ஆங்கிலமும் இத்தாலியமும் ஒட்டவைப்பார்கள். இந்த டப்பிங் வழக்கம் வேரூன்றியதற்கே காரணம் முசோலினி: 1930களில் அன்னிய மொழி வசனத்தோடு படம் காட்டக் கூடாது என்று தடை போட்டதில், இத்தாலி முழுக்க டப்பிங் கூடங்களாக முளைத்தன. சொந்த மொழியைக் காப்பாற்றக் கட்டிய கூடத்தில்தான் ஐம்பது வருஷம் கழித்து அமெரிக்கக் குரலை அச்சடித்தார்கள்.

எண்பதுகளுக்குள் நுழையும்போது தரை சரிந்துகொண்டிருந்தது. 1955இல் இத்தாலியில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் 80 கோடிக்கும் மேல். 1975இல் ஏறக்குறைய 50 கோடி. 1985இல் 12 கோடி சுமாருக்கு வந்துவிட்டது. 1976இல் அரசியல் சாசன நீதிமன்றம் உள்ளூர் அளவில் தனியார் தொலைக்காட்சிக்குக் கதவைத் திறந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் தனியார் சேனல்கள். எல்லாவற்றிலும் ராப்பகலாகச் சினிமா. 1980இல் பெர்லுஸ்கோனியின் கனாலே 5 வந்தது. பின்னாளில் அந்த மனிதர் பிரதமராகவே ஆனார் என்பது தெரிந்ததுதான். முதலில் செத்தது பெருநகரத் திரையரங்குகள் அல்ல. நம்மூர் பி, சி சென்டர் மாதிரியான இரண்டாம், மூன்றாம் சுற்றுத் தியேட்டர்கள், மாகாண நகரங்களின் கொட்டகைகள்; 'ஃபிலோனே' உயிர்வாழ்ந்ததே அங்கேதான். பிராந்திய வினியோகஸ்தர்கள் முன்பணம் கொடுத்துப் படத்தைத் தூக்கிவிடுவார்கள். மினிமம் கேரண்டி என்று நம் கோடம்பாக்கத்தில் சொல்வது அங்கேயும் அதே பெயர்தான். அந்த முன்பணம் வற்றியதும் தயாரிப்பாளர்கள் வெளிநாட்டைப் பார்த்தார்கள்.

மிலானில் மிஃபெட் என்றொரு திரைப்படச் சந்தை நடந்துவந்தது. அங்கே போஸ்டரைக் காட்டினார்கள், படம் பிறகு. போஸ்டரில் ஒரு கட்டுமஸ்தான ஆள், கையில் துப்பாக்கி, பின்னால் ஹெலிகாப்டர், நெருப்பு. ஜெர்மனிக்காரன் இவ்வளவு, ஜப்பான்காரன் இவ்வளவு என்று கையெழுத்துப் போட்டால் அந்தப் பணத்தில் படம். வீடியோ கேசட் பெருகிக்கொண்டிருந்த காலம். கடை அலமாரியில் பெட்டியின் மேலட்டை மட்டும் பார்த்து வாடகைக்கு எடுப்பவனுக்கு 'ராம்போ' எது, 'ராம்போ மாதிரி' எது என்று வித்தியாசம் தெரிந்தபோது கேசட் வீட்டுக்கு வந்திருக்கும்.

'தி டீர் ஹன்ட்டர்' (1978) படத்துக்கு இத்தாலியில் வைத்த பெயர் 'வேட்டைக்காரன்'. மார்கரித்தி 1980இல் எடுத்த படத்தின் பெயர் 'கடைசி வேட்டைக்காரன்'. முதலாவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இந்தப் படத்தோடுதான் எண்பதுகளின் இத்தாலியக் காட்டு யுத்தப் படங்கள் என்ற கொடி தொடங்குகிறது.

3

ஏன் பிலிப்பைன்ஸ்? மலிவு என்ற பதில் சரிதான், போதாது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே ரோஜர் கோர்மனின் அமெரிக்கக் கம்பெனி அங்கே போய்ப் பெண்கள் சிறைப் படங்கள் எடுக்க ஆரம்பித்துவிட்டது. ஆங்கிலம் தெரிந்த தொழிலாளர்கள். அதுவே அரை நூற்றாண்டு அமெரிக்கக் காலனியாட்சி விட்டுப்போன சொத்து. சங்கம், கூலி, வேலைநேரம் என்று கேட்க ஆளில்லை; 1972 செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்துவிட்டார். பிறகு 1976இல் ஃபிரான்சிஸ் கப்போலா 'அபோகலிப்ஸ் நவ்' எடுக்க வந்தார். அமெரிக்க ராணுவம் உதவ மறுத்தது. மார்கோஸ் தன் ஹெலிகாப்டர்களை வாடகைக்குக் கொடுத்தார். படப்பிடிப்பின் நடுவிலேயே அந்த ஹெலிகாப்டர்கள் கிளம்பிப் போய்விடும். தெற்கே கிளர்ச்சியாளர்களோடு நடந்த நிஜ யுத்தத்துக்கு. திரும்பி வந்தால் மறுபடி சினிமா. ஒரே எந்திரம், ஒரே விமானி, ஒரே நாளில் இரண்டு யுத்தம். மலைப்பகுதி இஃபுகாவ் மக்களைக் கொண்டுவந்து கர்ட்ஸின் காட்டுப் பிரஜைகளாக உட்காரவைத்தார்கள்.

வியட்நாம் யுத்தமும் இந்தப் படமும் ஒரே துணியில் வெட்டியவை, யுத்தத்தின் தொடர்ச்சியே இந்தச் சினிமா என்று போத்ரியா எழுதியது பிரசித்தம். அந்தக் கட்டுரை இங்கே அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. அமெரிக்கா, வியட்நாம், சினிமா என்று மூன்றைப் பற்றி அவ்வளவு புத்திசாலித்தனமாகப் பேசுகிறவர், காமிரா நின்றுகொண்டிருந்த நாட்டைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. 'யதார்த்தம் மறைந்துவிட்டது' என்று பிரகடனம் செய்வதற்கு முன்னால் அந்த ஹெலிகாப்டர் எங்கே போய்விட்டு வந்தது என்று விசாரித்திருக்கலாம்.

கப்போலா போன பிறகு அங்கே எஞ்சியது: வெடி வைக்கத் தெரிந்த ஆட்கள், ஸ்டண்ட் ஆட்கள், அமெரிக்கச் சீருடைகளும் துப்பாக்கிகளும், மணிலாவில் தங்கிவிட்ட சில வெள்ளைக்கார நடிகர்கள். மைக் மான்ட்டி என்ற ஒருவர் எத்தனை படத்தில் கர்னலாக வந்தார் என்று எண்ண முடியாது. இத்தாலியர்கள் வந்து இறங்கியது இந்தத் தயார்நிலைச் சந்தையில்தான். மார்கரித்தி, மத்தேய், பால்டி, 'லாரி லட்மன்' என்ற பெயரில் இயங்கிய ஃபாப்ரிஸியோ டி ஆஞ்சலிஸ் எல்லாரும். சில வாரங்களில் ஒரு படம். அதே காட்டில், அதே ஆட்களோடு, கிட்டத்தட்ட அதே சீருடையில் இன்னொன்று. மத்தேய் 1987-88க்குள் 'ஸ்ட்ரைக் கமாண்டோ', அதன் இரண்டாம் பாகம், 'டபுள் டார்கெட்', 'ரோபோவார்' என்று அடுக்கிக்கொண்டே போனார். 'ரோபோவார்' என்பது 'பிரிடேட்டர்' கதைதான். வேற்றுக்கிரகப் பிராணிக்குப் பதில் 'ரோபோகாப்' பாணியில் ஒரு எந்திரம். நடுவே லூச்சியோ ஃபுல்ச்சி அங்கே எடுக்கத் தொடங்கிய ஒரு பிணப் படத்தை ('சோம்பி 3') அவர் முடிக்காமல் போக, மத்தேய் மீதியை எடுத்து ஒப்பேற்றினார்.

இதில் ஒரு பூகோள வேடிக்கை. ஹாலிவுட்டின் 'ராம்போ'வின் இரண்டாம் பாகமும் (1985) 'பிரிடேட்ட'ரும் (1987) எடுக்கப்பட்டது மெக்ஸிகோவில். ஆக மூலப்படத்தின் வியட்நாமைவிட நகலின் வியட்நாம் நிஜ வியட்நாமுக்குப் பல ஆயிரம் மைல் பக்கத்தில் இருந்தது.

மார்கரித்தியைத் தனியாகச் சொல்லவேண்டும். இந்தக் கூட்டத்தில் கைத்தொழில் தெரிந்தவர் அவர். பொம்மை வைத்துப் படமெடுப்பதில் விற்பன்னர். லியோனேயின் மெக்ஸிகப் புரட்சிப் படத்துக்கே (1971) பொம்மை ரயில் வேலை செய்துகொடுத்தவர். 'கோட் நேம்: வைல்ட் கீஸ்' (1984) படத்தில் ஒரு கார் சுரங்கப்பாதையின் சுவரில் ஏறி ஓடும்; பொம்மைக் கார்தான். கப்போலாவுக்குக் கிடைத்த படைபலம் இவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே நிஜமாக ஒன்றிரண்டு, மீதியெல்லாம் பொம்மை, அதுவும் போதாவிட்டால் போன படத்தின் வெடியை வெட்டி இந்தப் படத்தில் ஒட்டுவது. ஒரு கண்ணோட்டத்தில் இது யோக்கியமான முறை. மேசைமேல் வைத்துக் கொளுத்தும் பொம்மைக் கிராமத்தால் எவன் வயலுக்கும் நஷ்டமில்லை.

ஆனால் சுற்றி நடந்ததைப் பார்க்கவேண்டும். 1981 நவம்பர் 17 அன்று மணிலாவில் இமெல்டா மார்கோஸின் கனவுத் திட்டமான திரைப்பட மையத்தின் சாரம் சரிந்து, வேலையில் இருந்த தொழிலாளிகள் ஈரச் சிமெண்டில் புதைந்தார்கள். 1982 ஜனவரியில் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியாக வேண்டும் என்று இரவும் பகலும் ஷிப்டு போட்டு விரட்டப்பட்ட வேலை. மீட்பு ஆட்களையும் பத்திரிகைக்காரர்களையும் பல மணிநேரம் உள்ளே விடவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பது இன்றுவரை தகராறு. விழா சொன்ன மாசத்தில் நடந்தது. உலகெங்குமிருந்து தயாரிப்பாளர்கள் வந்தார்கள், விற்றார்கள், வாங்கினார்கள்.

அதே நாட்டில் லீனோ பிரோக்கா என்றொரு திரைப்படக்காரர். சேரியையும் வேலைநிறுத்தத்தையும் படமாக எடுத்தவர். அவருடைய 'பயன் கோ' 1984இல் கான் விழாவுக்குப் போனது கடத்தல் சரக்காகத்தான். 1985இல் ஜீப்னி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக நின்றதற்காக அவரைச் சிறையில் போட்டார்கள். சொந்த நாட்டுக்காரன் சொந்தத் தெருவில் காமிரா வைத்தால் ராஜத்துரோகம். ரோமிலிருந்து வந்தவன் காட்டைக் கொளுத்தினால் அன்னியச் செலாவணி.

மார்கோஸ் 1986 பிப்ரவரியில் ஓடிப்போனார். ஆலிவர் ஸ்டோன் 'பிளட்டூன்' எடுக்க வந்தது அந்தக் கலவரத்தின் ஈரம் காயுமுன். ஆட்சி மாறியும் படப்பிடிப்புகள் நிற்கவில்லை; நிஜத் துப்பாக்கியும் நிற்கவில்லை. 1987 ஜனவரி 22 அன்று, உழுகிறவனுக்கு நிலம் வேண்டும் என்று கேட்டு மணிலாவில் ஊர்வலம் வந்த விவசாயிகளை மெண்டியோலா பாலத்தருகே படைகள் சுட்டன. குறைந்தது 12 பேர் செத்தார்கள். 'ஸ்ட்ரைக் கமாண்டோ' வெளிவந்ததும் அந்த வருஷம்தான். அந்தப் படத்தில் ஏழைக் குடியானவர்களைக் கொல்பவர்கள் ரஷ்யர்களும் வியட்நாமியர்களும்.

காட்டைப் பற்றியும் ஒரு சேதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்சின் நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. எண்பதுகளின் முடிவில் கால்வாசிக்கும் குறைவு. மார்கோஸின் வேண்டப்பட்டவர்களுக்கு மரம்வெட்டும் உரிமைகள் வாரி வழங்கப்பட்டன. மரம் ஜப்பானுக்குப் போனது. ஆக, முடிவேயில்லாத பச்சை நரகமாகத் திரையில் விரிந்த அந்தக் காடு, காமிரா கொஞ்சம் திரும்பினால் முடிந்துபோகிற காடு. தொல்காப்பியப் பாடம் படித்தவனுக்கு இந்தப் படங்களில் ஒன்று உறுத்தும். நிலம் உண்டு, பொழுது உண்டு; கருப்பொருள் கிடையாது. அந்தக் காட்டில் என்ன விளைகிறது, என்ன பறவை, யார் தெய்வம், ஜனங்கள் எதைத் தின்கிறார்கள், எதைக் கொட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. குடிசை இருக்கும், கொளுத்துவதற்கு. உரிப்பொருள் ஒன்றே ஒன்று: பழிவாங்கல். பாலை என்பது தனி நிலமில்லை, திரிந்த நிலம் என்று நம் ஆட்கள் சொன்னது இந்தக் காட்டுக்குத்தான் பொருந்தும். திரித்தவர்களில் மரக் கம்பெனிக்கும் சினிமா கம்பெனிக்கும் என்ன விகிதம் என்பது வேறு கணக்கு.

4

இந்த யுத்தப் படங்களுக்கு ஒரு மூத்த தாரத்துப் பிள்ளை உண்டு: நரமாமிசப் படங்கள். 1962இல் 'மோண்டோ கானே' என்ற பெயரில் உலகத்து 'விசித்திர' வழக்கங்களைக் காட்டும் செய்திப்பட மாதிரி ஒன்று வந்து பணம் கொட்டியது. அதே ஆட்கள் 1966இல் 'ஆஃப்ரிக்கா அத்தியோ' எடுத்தார்கள்: வெள்ளைக்காரன் போனபின் ஆப்பிரிக்கா எப்படி நாசமாயிற்று பார் என்கிற படம். இந்த வித்திலிருந்து 1972இல் உம்பர்டோ லென்ஸி தாய்லாந்துக் காட்டில் எடுத்த படம். பிறகு ருஜ்ஜேரோ டியோடாட்டோ. அவருடைய 'கானிபல் ஹாலோகாஸ்ட்' (1980) கொலம்பியாவின் லெத்தீசியா பக்கம், அமேஸான் காட்டில் எடுக்கப்பட்டது. வெளிவந்த சில நாட்களிலேயே மிலானில் பறிமுதல். நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று சந்தேகம் வந்து, அவர்கள் உயிரோடிருப்பதை டியோடாட்டோ நிரூபிக்கவேண்டியிருந்தது. மிருகங்களைக் கொன்றது என்னவோ நிஜம். அந்தப் படத்துக்குள் வரும் ஒரு 'செய்திப்படத்'தில் காட்டப்படும் மரணதண்டனைகளும் நிஜமானவை. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் எடுக்கப்பட்ட துண்டுகள்.

'கானிபல் ஹாலோகாஸ்ட்' தன்னைத்தானே விமர்சித்துக்கொள்ளும் பிரதி என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரச் செய்திக் குழுவே காட்டுமிராண்டிகள் என்பதுதானே கதை, என்பார்கள். செம்படையினரின் பயங்கரவாதத்தை இத்தாலியச் செய்தி நிறுவனங்கள் காட்டிய விதத்துக்கு எதிர்வினையாகவே எடுத்தேன் என்று டியோடாட்டோவும் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். யனோமாமி என்ற நிஜ ஜனங்களின் பெயரை எடுத்துத் தன் கற்பனை நரமாமிசக்காரர்களுக்குச் சூட்டினாரே, அதற்கு என்ன எதிர்வினை? அந்த ஜனங்களின் நிலத்துக்குள் எண்பதுகளில் தங்கம் தோண்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் புகுந்து, நோயால் அவர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பெயர் திரையில், உடல் ஆற்றில். சுயவிமர்சனம் என்பது படித்த பார்வையாளனுக்குக் கொடுக்கும் பாவமன்னிப்புச் சீட்டாகவும் இருக்க முடியும்.

5

இந்தப் படங்கள் எதை மறந்துபோவதற்காக எடுக்கப்பட்டன என்று கேட்டால் விபரீதமாகத் தோன்றலாம். டாலருக்காக எடுத்தார்கள், அவ்வளவுதான், என்பார்கள். ஆனால் இத்தாலிக்குச் சொந்தமாகக் காலனி யுத்தங்கள் இருந்தன. 1896இல் எத்தியோப்பியாவில் அட்வாவில் வாங்கிய உதை, 1911இலிருந்து லிபியா, 1935-36இல் விஷவாயு போட்டு எத்தியோப்பியாவைப் பிடித்தது. 1930க்குப் பிறகு கிழக்கு லிபியாவில் ஒரு லட்சம் பேர் சுமாருக்கு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டு, பல்லாயிரம் பேர் செத்தார்கள். முதியவரான ஒமர் முக்தாரை 1931 செப்டம்பர் 16 அன்று தம் ஜனங்கள் பார்க்கத் தூக்கில் போட்டார்கள். 1937 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் நடந்தது படுகொலை. இவற்றை நடத்திய ரொடோல்ஃபோ கிராஸியானி இதற்காக ஒருநாளும் விசாரிக்கப்படவில்லை. விஷவாயு போட்டதை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொண்டதே 1996இல்தான். அதுவரை ஆஞ்சலோ டெல் போக்கா போன்ற வரலாற்றாசிரியர்கள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒமர் முக்தாரின் கதையை முஸ்தஃபா அக்காத் லிபியப் பணத்தில் எடுத்தார்: 'லயன் ஆஃப் தி டெசர்ட்' (1981). ஆண்டனி க்வின் முக்தார், ஆலிவர் ரீட் கிராஸியானி. இத்தாலியில் அந்தப் படம் 1982இல் தடுக்கப்பட்டது. ராணுவத்தின் கௌரவத்துக்குப் பங்கம் என்று காரணம். 2009இல் கடாஃபி ரோமுக்கு வந்தபோதுதான் அங்கே தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

இந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1980இலிருந்து 1989வரை ரோமின் கம்பெனிகள் ஆசியக் காட்டில் வெள்ளைச் சிப்பாய் குடிசைகளுக்கு நடுவே சுட்டுக்கொண்டே ஓடும் காட்சியை வருஷத்துக்குப் பல தடவை எடுத்தன. தணிக்கைக்கு ஆட்சேபம் இல்லை. பாலைவனத்தில் இத்தாலியச் சிப்பாய் அதையே செய்வதாக ஒரே ஒரு படம் வந்தது; அதை உள்ளே விடவில்லை. அமெரிக்கனின் குற்ற உணர்வு இரவலாகக் கிடைக்கும்போது சொந்தக் குற்றத்தை ஏன் தோண்டவேண்டும்? ஒரு தேசத்தின் நனவிலி என்று பெரிய வார்த்தை போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் 2012இல் அஃபிலே என்ற ஊரில் கிராஸியானிக்கு நினைவிடம் கட்டினார்கள் என்பதைப் படிக்கும்போது அந்த வார்த்தையைத் தவிர வேறு எதுவும் கைக்கு வருவதில்லை.

இப்படித்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. அறுபதுகளில் இதே தொழிலுக்குள் ஃபிராங்கோ சொலினாஸ் இருந்தார். 'அல்ஜியர்ஸ் யுத்த'த்தை (1966) எழுதிய கம்யூனிஸ்ட். அவரே கௌபாய் படங்களுக்கும் எழுதினார். மெக்ஸிகப் புரட்சிக்குள் ஒரு அமெரிக்கக் கூலிக்கொலைகாரன் நுழையும் 'க்வியென் ஸாபே?' (1967) போன்ற படங்களில் சி.ஐ.ஏ.வையும் லத்தீன் அமெரிக்காவையும் சி சென்டர் கொட்டகைக்குக் கொண்டுபோனார். பொன்டெகோர்வோ இயக்கத்தில் அவர் எழுதிய 'க்வெய்மாடா' (1969) படத்தில் மார்லன் பிராண்டோ கரும்புத் தோட்டத் தீவு ஒன்றில் புரட்சியை உண்டாக்கவும் பிறகு அதே புரட்சியைக் கொளுத்தவும் வருகிற ஆங்கிலேயன். அங்கேயும் காடு எரிகிறது. யார், எதற்காக, யார் லாபத்துக்காக எரிக்கிறார்கள் என்று தெரிகிறது. ஆக மலிவுப் படம் என்பதாலேயே அரசியல் இல்லாமல் போகவேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. அறுபதுகளில் அதைப் பார்க்கக் கூட்டம் இருந்தது; கொட்டகை இருந்தது; தெருவில் இயக்கம் இருந்தது. எண்பதுகளில் கூட்டம் வீட்டில் டி.வி. பார்த்தது. இயக்கம் சிறையில்.

எண்பதுகளின் படங்களிலும் அந்தப் பழைய எரிச்சல் அங்கங்கே கசிகிறது. 'கடைசி வேட்டைக்காரன்' படத்தில் நாயகன் அழிக்கப் போவது ஒரு வானொலி நிலையத்தை. அமெரிக்கச் சிப்பாய்களின் மனத்தைக் கலைக்கும் அந்தக் குரல் ஒரு அமெரிக்கப் பெண்ணுடையது என்று போய்ச் சேரும்போது தெரிகிறது. டி ஆஞ்சலிஸின் 'கோப்ரா மிஷன்' (1986) இன்னும் கசப்பானது. வியட்நாமில் இன்னும் அமெரிக்கக் கைதிகள் இருக்கிறார்கள் என்ற கட்டுக்கதையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் இந்தக் கட்டுக்கதை எப்படித் தயாரிக்கப்பட்டது என்று புரூஸ் ஃபிராங்க்ளின் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் ராம்போ போல ஜெயித்துத் திரும்ப இந்தப் படம் விடுவதில்லை. பழி வாஷிங்டனின் வாசலுக்கே போய்ச் சேருகிறது. 1973 பிப்ரவரி 1 அன்று நிக்ஸன் வட வியட்நாம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் 325 கோடி டாலர் புனரமைப்பு உதவி பற்றிச் சொன்னதும், அது ஒருநாளும் கொடுக்கப்படாததும் சரித்திரம். ஹாலிவுட் தொடாத அந்தப் பக்கத்தை ஒரு திருட்டு நகல் கொஞ்சம் தொட்டுப் பார்த்தது. அதற்காக இதைப் புரட்சிப் படம் என்று நான் சொல்லமாட்டேன். வியட்நாமியர்கள் இதிலும் விழுந்து சாவதற்கென்றே வருகிறார்கள்; முப்பது லட்சம் வரை செத்த ஒரு தேசத்துக்கு இந்த வரிசைப் படங்கள் முழுவதிலும் நினைவில் நிற்கும் ஒரு முகம் கூடக் கிடையாது.

பால்டி 1988இல் போய் இறங்கிய இடம் வட கொரியா. 'டென் ஸான்' என்ற அதிரடிப் படம், அந்நாட்டு ஒத்துழைப்போடு எடுத்தது. இத்தனை வருஷம் கம்யூனிஸ்டுகளைச் சுட்ட அதே கமாண்டோ சட்டை, ஃபிராங்க் ஸாகரீனோ என்ற அமெரிக்க நடிகர், பியோங்யாங். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் லாபமில்லை என்று மட்டும் ஊகிக்கலாம்.

கடைசியாக 'இந்தியோ' (1989). மார்கரித்தி, வயசு அறுபதை எட்டும்போது எடுத்தது. புல்டோசர் கொண்டு அமேஸான் காட்டை அழிக்க வரும் கம்பெனிக்காரன் ஒருவன். எதிர்த்து நிற்கும் பாதி-இந்தியன். அமெரிக்கக் கடற்படை வீரனாக இருந்து கற்ற வித்தையையெல்லாம் அவன் கம்பெனிமேல் காட்டுகிறான். சீகோ மெண்டிஸ் சுட்டுக் கொல்லப்பட்டது 1988 டிசம்பரில். அமேஸான் அப்போது உலகமெங்கும் பேச்சாக இருந்தது, ஆகவே அது அடுத்த தாதுக்கொடி. நாயகனாக நடித்தவர் ஃபிரான்செஸ்கோ க்வின்: இத்தாலி உள்ளே விடாத அந்த ஒமர் முக்தாரின், அதாவது ஆண்டனி க்வினின் மகன். ரோமில் பிறந்தவர். படத்துக்கு வேண்டிய அமேஸான் காடு பிலிப்பைன்சிலும் எடுக்கப்பட்டது, மிச்சமிருந்த மரங்களுக்கு நடுவே. இரண்டாம் பாகம் 1991இல் வந்தது. மூன்றாவது வரவில்லை, அதற்குள் காசு கொடுப்பவர்கள் தீர்ந்துபோயிருந்தார்கள்.